வயசுக்கு ஏத்த தண்ணி

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் பேனாவைக் கழுவ வேண்டி வரும். பிள்ளைகள் அவரை டூர் சார் என்று கூப்பிட்டார்கள். அதுவே போதும்.

திருத்தங்கலைத் தாண்டி, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் பள்ளிக்கூடம் இருந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் டவுனுக்குப் போக வேண்டும். பெரும்பாலும் போக மாட்டார்கள், கம்பெனிக்குப் போவார்கள். கம்பெனி என்றால் எங்கள் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனிதான். ஆசிரியர் அறைக்குள் முதல் செல்போன் வந்து, எல்லாரும் அதைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்த காலத்தில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். விருதுநகரில் எங்கள் அத்தாவுக்கு மிளகாய் வத்தல் மண்டி. காலையில் வத்தல் நெடியில் பஸ் ஏறி, பட்டாசு மருந்து நெடியில் வந்து இறங்குவேன். இரண்டும் எனக்குப் பழகிப்போனது. பழகாத நெடி ஒன்று ஆசிரியர் அறையில் இருந்தது. அது டூர் சாரின் துண்டு.

எப்போது பார்த்தாலும் அவர் தோளில் ஈரமாக ஒரு துண்டு கிடக்கும். அதைக் கொண்டுதான் கரும்பலகையைத் துடைப்பார். அதைக் கொண்டுதான் வெற்றிலை வாயைத் துடைப்பார், பிள்ளைகளின் மூக்கைச் சிந்தி விடுவார். மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் அதே துண்டால் மேசையை ஒரு இழுப்பு இழுத்து, "உக்காருங்க டீச்சர், சுத்தமா இருக்கு" என்பார். நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க நின்றுகொண்டுதான் சாப்பிட்டேன்.

வாரத்துக்கு ஒரு நாள் சத்துணவில் முட்டை போடுவார்கள். அன்றைக்குக் கல்யாணப் பந்தியை விசாரிக்கிறவர் போல டூர் சார் வராந்தாவுக்கு வந்துவிடுவார். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் உட்கார்ந்திருக்கிற வரிசையில் குனிந்து, ஒவ்வொரு தட்டிலும் முட்டையைக் கட்டைவிரலால் பிளந்து, மஞ்சள் கருவை மட்டும் தோண்டி எடுப்பார்.

"மஞ்சக்கரு இந்த வயசுக்குச் சூடு தாயி. வெள்ளையத் தின்னு. வெள்ளைதான் உன் வயசுக்கு ஏத்தது."

எடுத்ததெல்லாம் அவருடைய எவர்சில்வர் கிண்ணத்தில் சேரும். மிளகுப்பொடி தூவி, ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வாயில் போட்டு அரைப்பார். மீசையில் மஞ்சள் துகள் ஒட்டியிருக்கும். அதைத் துடைக்கத் துண்டு வரும். முட்டை என்றால் இன்றைக்கும் எனக்கு அந்த மீசைதான் கண்ணில் வருகிறது. வீட்டில் என் பிள்ளைகளுக்கு அவித்து வைத்துவிட்டு நான் தள்ளிப் போய் நின்றுகொள்வேன்.

யாரும் கேட்கவில்லையா என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடச் செயலாளருக்கு அவர் மைத்துனர். தலைமையாசிரியரோ ஓய்வுபெறும் நாளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். "அவுக எது செஞ்சாலும் புள்ளைக நல்லதுக்குத்தான் செய்வாக" என்று ஒதுங்கிவிடுவார். அதை விட முக்கியமான ஒன்று உண்டு. டூர் சார் பிரம்பைத் தொட்டதே இல்லை. ஆண் பிள்ளை என்றால் ராசா, பெண் பிள்ளை என்றால் தாயி. குரல் உயராது. தங்கமான மனுசன் என்று ஊரே சொன்னது. எங்கள் அத்தா மண்டியில் ஒரு பேச்சு உண்டு: "மூட்டைக்கு மேல இருக்கிற வத்தல் காட்டுறதுக்கு. கைய உள்ள விட்டுப் பாரு." நான் உள்ளே விட்டுப் பார்த்தேன். பிறகு கையைக் கழுவ வேண்டியிருந்தது.

அவர் கண்ணில் உலகத்திலுள்ள எல்லாவற்றுக்கும் ஒரு வயது உண்டு. அந்த வயது எது என்று அவர்தான் சொல்வார். நான் சேர்ந்த புதிதில் எனக்கு அரை கிளாஸ் டீதான் வரும். "சின்ன வயசு, முழு டீ பித்தம் டீச்சர்" என்று மீதி அரை கிளாஸை அவர் தன் கிளாஸில் ஊற்றிக்கொள்வார். சத்துணவு ஆயா அடுப்படியிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்து மின்விசிறிக்குக் கீழே நின்றால், "இந்த வயசுல காத்து ஆகாது ஆயா, மூட்டெல்லாம் பிடிச்சிரும்" என்று அக்கறையாக அந்த அம்மாவை வெளியே அனுப்புவார். இளைஞருக்கு ஆகாதது, கிழவிக்கு ஆகாதது, குழந்தைக்கு ஆகாதது எல்லாம் கடைசியில் அவருக்கு ஆகும். அவர் வயதுக்கு ஆகாதது என்று ஒரு பொருளை நான் பார்த்ததில்லை.

மாசி பிறந்தால் பள்ளியில் டூர் பேச்சு வந்துவிடும். எந்த வகுப்பை எங்கே கூட்டிப்போவது என்று அவர் ஒருவர்தான் முடிவு செய்வார். என்னிடம் ஒருநாள் அதை விளக்கினார், பெரிய தத்துவம் சொல்கிற மாதிரி.

"நம்ம ஊரு காய்ஞ்ச ஊரு டீச்சர். புள்ளைகளுக்குத் தண்ணியக் காட்டணும். ஆனா வயசுக்கு ஏத்த தண்ணியாக் காட்டணும். ஒண்ணு ரெண்டுக்குப் பூங்கா. மூணுலருந்து அஞ்சு வரைக்கும் அணை. ஆறு ஏழுக்கு அருவி. எட்டுக்குக் கடல். படிப்படியாத்தான் போகணும். எடுத்த எடுப்புல கடலக் காட்டுனா மிரண்டுரும்ல?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் குடம். லாரி வருகிற நாளில் தெரு நெடுக நிற்கிற பிளாஸ்டிக் குடம். மழை பெய்தாலும் வீட்டில் சந்தோஷம் இருக்காது. காயப்போட்ட வெடிச் சரக்கு நனைந்து போச்சே என்று மழையைத் திட்டுவார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் காட்ட ஒருவர் நினைக்கிறாரே என்று நானும் முதலில் தலையை ஆட்டினேன்.

டூருக்கு ஒரு கம்பெனியின் பஸ் வரும். வாரம் முழுக்கப் பெண்களை வேலைக்கு ஏற்றிப்போகிற வண்டி, ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கும். அதைப் பேசி வாங்கி வருவது டூர் சாரின் சாமர்த்தியம். சீட்டெல்லாம் மருந்து வாடை அடிக்கும். பிள்ளைகளுக்கு அது வாடையாகவே தெரியாது, அவர்கள் அம்மாக்களின் சேலையில் அடிக்கிற வாடைதான் அது. ஆனால் மாசிக்கு முன்னால் அந்த பஸ் கிடைக்காது. முதலாளி வீட்டுக் கல்யாணம், கோயில் காரியம் என்று ஓடிக்கொண்டிருக்கும். அதனால் எங்கள் டூர் எல்லாம் மாசியிலும் பங்குனியிலும்தான். அந்த மாதங்களில், அதுவும் மழை பொய்த்த அந்த வருஷங்களில், எங்கள் பக்கம் எங்கேயும் தண்ணீர் இருக்காது. இது டூர் சாருக்குத் தெரியாதா என்ன?

பூங்காவில் நீரூற்றுத் தொட்டிக்குள் கடலைத் தோலும் ஐஸ் குச்சியும் கிடந்தன. ஒன்றாம் வகுப்பைச் சுற்றி நிற்க வைத்து, "இங்கனதான் தண்ணி பீச்சி அடிக்கும். எங்க, எல்லாரும் கைய மேல தூக்கி ஸ்ஸ்ஸ்னு சொல்லுங்க" என்றார். பிள்ளைகள் கையைத் தூக்கி ஸ்ஸ்ஸ் என்றார்கள். "பாத்தீகளா, எம்புட்டு அளகு!" என்று அவரே கையும் தட்டினார்.

வெம்பக்கோட்டை அணைக்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. நடுவில் குட்டையாகத் தேங்கியிருந்த சேற்றில் இரண்டு எருமைகள் படுத்திருந்தன. "சார், தண்ணி எங்க சார்?" என்று ஒரு குழந்தை கேட்டது. "அணைன்னா செவருதான் தாயி. செவத்தப் பாரு. தண்ணி இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். செவரு எங்கயும் போகாதுல்ல?" என்றார். பிள்ளைகள் சுவரைப் பார்த்தார்கள். சுவர் பெரிதாகத்தான் இருந்தது.

அந்த அணைச் சுவரின் நிழலில்தான் மத்தியானச் சாப்பாடு. டூர் சார் எழுந்து வரிசையாக வந்தார். "வெயிலுக்குக் கெட்டிருக்கும், நான் பாத்துச் சொல்றேன்" என்று ஒவ்வொரு டப்பாவிலும் விரலை விட்டு ஒரு வாய் எடுத்துத் தின்றார். ஒரு டப்பாவில் நக்கிய விரல்தான் அடுத்த டப்பாவிலும் போகும். கத்திரிக்காய் வறுவல் இருந்தால் இரண்டு தரம் சோதிப்பார். கீழத்தெருப் பிள்ளைகள் வரிசைக் கடைசியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கிட்டே வந்ததும் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "உங்க வீட்டுச் சோறு கெட்டுருக்காது, மூடி வைங்க ராசா" என்று திரும்பிவிட்டார்.

கடைசிப் பிள்ளை ஒருத்தி டப்பாவைத் திறந்து நீட்டியபடியே இருந்தாள். முத்துமாரி. அப்போது ஐந்தாம் வகுப்பு. அவர் மறந்துவிட்டார் என்று நினைத்தாளோ என்னவோ, கையை மடக்கவே இல்லை. நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த டப்பாவிலிருந்து ஒரு கை எடுத்துச் சாப்பிட்டேன். புளிச்சோறு. கெடவில்லை. "நல்லா இருக்கா டீச்சர்?" என்றாள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை என் கூடவே ஒட்டிக்கொண்டது.

குற்றாலத்துக்கு ஆறாம் ஏழாம் வகுப்பைக் கூட்டிப்போனது பங்குனி வெயிலில். சீசனில் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாங்கள் போனபோது பாறை மட்டும் இருந்தது. அதன் ஒரு ஓரத்தில் வேர்வை மாதிரி ஈரம் கசிந்தது. "அந்தா, அங்கனருந்து விழும் பாருங்க, யம்மாடி!" என்று அவர் அண்ணாந்து பார்த்து உடம்பைச் சிலிர்த்துக் காட்டினார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்திருந்த பிள்ளைகள் கடைசியில் தெருக் குழாய் ஒன்றில் முறை வைத்துத் தலையைக் காட்டிவிட்டு வந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அருவருப்பும் வந்தது. மிச்சம் இருந்தது கடல் ஒன்றுதான். கடலை மட்டும் இந்த மனிதரால் வற்ற வைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. குற்றாலத்திலிருந்து திரும்பும்போது ஒரு சின்னப் பெண்ணுக்கு வாந்தி வந்தது. பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலக, டூர் சார் எழுந்து ஓடி வந்து, தோள் துண்டை எடுத்து இரண்டு கையாலும் ஏந்தினார். முகம் சுளிக்கவில்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "கக்கிரு தாயி, கக்கிரு, சரியாப் போகும்" என்றார். என்னால் அப்படி ஏந்தியிருக்க முடியாது. பிறகு வழியில் ஒரு டீக்கடையில் பஸ்ஸை நிறுத்தி, துண்டை அலசிப் பிழிந்து, அதையே மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டு போண்டா தின்றார். இந்த ஆளை எந்தப் பக்கம் நிறுத்தி வைப்பது என்று எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை.

அவர் ஓய்வுபெற்றபோது பெரிய விழா நடத்தினார்கள். சால்வை, மாலை, பாராட்டுப் பேச்சு. "வறண்ட பூமியில் பிறந்த பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டிய கை இது" என்று ஒருவர் மேடையில் அவர் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். மஞ்சள் கருவைத் தோண்டின அதே கட்டைவிரல். நான் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் வாய் கொப்பளித்தேன். விருந்துக்கு நிற்காமல் பஸ் ஏறிவிட்டேன். அவர் காட்டிய கடல் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

அது முத்துமாரி ஏழாம் வகுப்பில் இருந்தபோது நடந்தது. அந்த வருஷம் அவள் அருவிக்குப் போய்வந்திருந்தாள், அதாவது பாறைக்கு. இனி அவளுக்குப் பாக்கி கடல்தான். அதை எல்லாப் பிள்ளைகளும் எண்ணிக்கொண்டே வளர்வார்கள். எட்டாம் வகுப்பு வந்தால் பெரிய பரீட்சை என்றா நினைப்பார்கள்? கடல் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் முத்துமாரி எட்டாம் வகுப்புக்கு வரப்போவதில்லை. வீட்டில் தம்பி பிறந்திருந்தான். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அம்மா கம்பெனிக்குப் போயாக வேண்டும். தம்பியைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டே வீட்டில் வெடிக்குழாய் சுற்ற வேண்டியதுதான் அவள் வேலை. ஏப்ரலோடு நின்றுவிடுவாள் என்று முடிவாகிவிட்டது. நான் அவள் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தேன், பலிக்கவில்லை. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"டீச்சர், எட்டாங்கிளாஸ் கூட நானும் ஒரு ஓரமா டூர் வந்துக்கிறட்டா?"

டூர் சாரிடம் போய்ச் சொன்னேன். அப்போது அவர் சாவியால் காது குடைந்துகொண்டிருந்தார்.

"ஏழுக்கு அருவி டீச்சர். அது பாத்தாச்சு. எட்டு வந்தா கடல்."

"எட்டு வர மாட்டா சார். நிக்கப் போறா."

"அப்ப அவளுக்குக் கடலுக்கு வயசு வரலேன்னு அர்த்தம்."

நான் விடவில்லை. ஒரு சீட்டு, ஒரு பிள்ளை, மடியில் வைத்துக்கூடக் கூட்டிவருகிறேன் என்றேன். சாவியைத் துண்டில் துடைத்துப் பையில் போட்டவர் முகமெல்லாம் சிரித்தார். "நீங்க இம்புட்டுச் சொல்றீக. வரச் சொல்லுங்க. நம்ம புள்ளதான?" என்றார்.

டூருக்கு முந்தின நாள் சாயங்காலம் முத்துமாரியின் அம்மா பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். வேலை விட்டு நேரே வந்திருக்கிறாள், முழங்கை வரைக்கும் வெள்ளி மருந்து மினுங்கியது. இடுப்பில் குழந்தை.

"கடலு ஆள இளுத்துரும்னு சொல்றாக. ஒண்ணும் ஆகாதே டீச்சர்?"

"நான் கையப் பிடிச்சுக்கிறேம்மா. பயப்படாதீங்க."

"நாம் பாத்ததில்ல. இவளாச்சும் பாத்துட்டு வந்து எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லட்டும்" என்றாள். சொல்லும்போது அவளுக்குமே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

ஞாயிறு காலையில் பஸ் வந்து நின்றது. ஏறிப் பார்த்தால் பாதி பஸ் கல்யாண வீடு. டூர் சாரின் சம்சாரம், மைத்துனி, மகள், மருமகன், மருமகனின் தாய் தகப்பன். சீட்டுக்கு இடையில் அண்டா, வாழைத்தார், பாய் மூட்டை. மகள் மடியில் தலை நிறையச் சுருட்டை முடியோடு ஒரு கைக்குழந்தை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கடைசி சீட்டுகளில் ஒருவர் மேல் ஒருவராக நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். திருச்செந்தூர்க் கடலுக்குப் போகிற பஸ்ஸில் அண்டா எதற்கு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முத்துமாரி புது ரிப்பனும் சாப்பாட்டு டப்பாவுமாகப் படியில் கால் வைத்தாள். டூர் சார் அவள் தோளை மெல்லப் பிடித்து நிறுத்தினார்.

"இறங்கு தாயி. இடம் எங்க இருக்கு பாரு. உனக்கு அடுத்த வருசம் கடல்."

"அடுத்த வருசம் நான் பள்ளிக்கொடத்துல இருக்க மாட்டேன் சார்."

"இருப்ப, இருப்ப."

நான் முன்னால் வந்தேன். "நீங்கதான சார் வரச் சொன்னீங்க?"

"சொன்னேன் டீச்சர், இல்லேங்கல. யோசிச்சுப் பாத்தா முறையில்ல. இன்னைக்கு ஒரு ஏழாங்கிளாஸ் புள்ளைக்கு மாத்துனா, நாளைக்கு ஒண்ணாங்கிளாஸ் புள்ள வந்து கடல் கேக்கும்."

"அந்தா மடியில இருக்கே, அந்தப் புள்ள எந்தக் கிளாஸ் சார்?"

பஸ்ஸுக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டூர் சாருக்குக் கோபமே வரவில்லை. "அது எம் பேரன்ல" என்றார், நான் கேட்டதற்கு அதுதான் பதில் என்பது போல.

"இவ வரலேன்னா நானும் வரல. இம்புட்டுப் பொம்பளப் புள்ளைக போற பஸ்ல லேடி டீச்சர் இல்லாம எப்படிப் போவீங்கன்னு பாக்கிறேன்."

"எஞ்சம்சாரம் இருக்கா, மைத்துனி இருக்கா. நீங்க வீட்டுல நிம்மதியா இருங்க டீச்சர். அதுவும் போக, அது கோயில் ஊரு, நீங்க பள்ளிவாசல் பக்கம், உங்களுக்கும் ஒரு சங்கடம் இருக்கும்ல?"

எனக்குச் சங்கடம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சிரித்த முகம் சாப்பாட்டில் கிடந்த முடி மாதிரி இருந்தது. முத்துமாரி கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பஸ் போய்விட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பின் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக் கையாட்டினார்கள்.

"அழாத. அடுத்த ஞாயித்துக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன். நாம ரெண்டு பேரும் போவோம்" என்றேன். அவள் அழவே இல்லை, நான்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

"வேணாம் டீச்சர். எல்லாரும் சேந்து போனாத்தான் டூரு. நாம மட்டும் போனா அது சும்மா ஊருக்குப் போறது."

பள்ளிக்கூட வாசற்படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். புளிச்சோற்றின் மேல் ஒரு அவித்த முட்டை. அவள் அம்மா கடலுக்கென்று வைத்து அனுப்பியது. அதை இரண்டாகப் பிய்த்து, மஞ்சள் கரு பெரிதாக இருந்த பாதியை என்னிடம் நீட்டினாள். அன்றைக்கு ஒருநாள் மட்டும் நான் முட்டை தின்றேன்.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் டூர் சார் கழுத்தெல்லாம் சந்தனத்தோடு வந்து நின்றார். கையில் லேபிள் கிழித்த தண்ணீர் பாட்டில் ஒன்று. அடியில் ஒரு விரற்கடை மணல்.

"முத்துமாரி, இங்கன வா தாயி. எல்லாரும் பாருங்க. இந்தப் புள்ள கடல் பாக்க முடியலேன்னு அழுதுக்கிட்டு நின்னுச்சு. சார் மறப்பேனா? இந்தா, கடல்!"

அவர் தட்டினார், பிள்ளைகளும் தட்டினார்கள். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மனசு நிறைந்துவிட்டதாம். முத்துமாரி பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றாள்.

மத்தியான இடைவேளை மணி அடித்ததும் வெளியே வந்து பார்த்தேன். வேப்பமரத்தடியில் கூட்டம். முத்துமாரி நடுவில் உட்கார்ந்து, பாட்டில் மூடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, நீட்டிய கைகளில் ஒவ்வொரு சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். வாங்கியவர்கள் நாக்கில் வைத்து, "யாத்தே, உப்பு!" என்று முகத்தைச் சுருக்கிச் சிரித்தார்கள். சின்னப் பிள்ளைகள் என்று நினைத்துக் கிட்டே போனேன். சின்னப் பிள்ளைகள் இல்லை. எட்டாம் வகுப்பு. ஒருவர் பாக்கியில்லாமல் மொத்த வகுப்பும் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றது.

"நீங்கதான நேத்து கடலுக்குப் போனீங்க? இங்க வந்து எதுக்கு நிக்கிறீங்க?" என்றேன்.

வகுப்புத் தலைவி திரும்பினாள். "நாங்க கடலத் தொடல டீச்சர்."

"தொடலையா?"

"சார் பேரனுக்கு மொட்டை, காதுகுத்து. பசங்க மண்டபத்துல மூட்டைக்குக் காவல் இருந்தாங்க. நாங்க பந்திக்குப் பரிமாறுனோம். பெறகு அண்டாவக் கழுவுனோம்."

"அதுக்கப்புறம்?"

"சாயங்காலம் கரையில வரிசையா நிக்க வச்சுக் காட்டுனாரு. கிட்டப் போகக் கூடாதுன்னுட்டாரு. சாரும் அவுக வீட்டாளுகளும் இறங்கிக் குளிச்சாக. அப்பத்தான் இந்தப் பாட்டில்ல பிடிச்சாரு."

"ஏன் கிட்டப் போகக் கூடாதாம்?"

"எட்டாங்கிளாஸுக்குப் பாக்கத்தான் வயசாம் டீச்சர். கால் நனைக்க ஒன்பதாங்கிளாஸ் வரணுமாம்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு கிடையாது.

அந்த நேரத்தில் டூர் சார் கிண்ணத்தோடு வராந்தாவுக்கு வந்தார். அன்றைக்கு முட்டை போடுகிற நாள். மரத்தடிக் கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் பூரித்துப்போனது. "பாத்தீகளா டீச்சர், எம்புட்டு சந்தோசம்! ஒரு பாட்டிலு தண்ணி. புள்ளைகளுக்கு இது போதும்" என்றார். வாயைத் திறந்திருந்தால் அவர் காலடியிலேயே வாந்தி எடுத்திருப்பேன்.

மரத்தடியில் இன்னும் நாலைந்து கைகள் நீண்டிருந்தன. முத்துமாரி பாட்டிலைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். கால் பாட்டில் இருந்தது. சட்டென்று மூடியைப் போட்டுத் திருகினாள்.

"போதும்லே, போங்க. மிச்சம் எங்கம்மாவுக்கு" என்று சொல்லி, பாட்டிலைப் பாவாடையில் துடைத்துப் பைக்குள் நிமிர்த்தி வைத்தாள்.